நாலாம் நம்பர் பாட்டில்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் கிரைண்டர் பெல்ட் அறுந்தது. அரைந்தும் அரையாமலும் கிடந்த உளுந்தை அப்படியே மூடி வைத்துவிட்டு, ஐஸ் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மாதத்தின் முதல் செவ்வாய், நொச்சியாற்றுக்கு நாடி பார்க்கும் நாள். வைத்தியர் நான்தான். கலாமணி, வயது நாற்பத்தொன்று, தண்ணீரின் தரம் பார்க்கும் ஆபீஸில் ஒப்பந்தக் களப் பணியாளர். ஊரில் என்னைத் 'தண்ணிக்காரம்மா' என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு ஒரு புதுப் போலீஸ்காரர் என் பெட்டியைத் திறந்து மோந்தே பார்த்துவிட்டார்.

ஆற்றில் தண்ணீர் எடுப்பது என்றால் குடத்தை முக்கி எடுப்பது என்று நினைக்கிறார்கள். பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, இரண்டு மருந்தைச் சொட்டுவிட்டு மூட வேண்டும். உள்ளே பழுப்பாகத் திரண்டால் தண்ணீரில் காற்று இருக்கிறது, மீன் பிழைக்கும். வெள்ளையாகவே நின்றால் ஆற்றுக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான்.

மொத்தம் ஐந்து இடம். மூன்றாவது இடம் பாலத்தடியில், மரவள்ளிக் கிழங்கு ஆலைக்கு மேலே. நான்காவது ஆலைக்குக் கீழே எருமைமடுவில், பாவாத்தாள் தோட்டத்தை ஆறு தொடுவதற்குச் சற்று முன்னால். ஐந்தாவது இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தடுப்பணையில்.

நான்காவதைப் பத்து நாற்பதுக்கு முடித்தேன். வழக்கமான இடம். சிமென்ட் படி, புளியமர நிழல், படியேறினால் டீக்கடை. போண்டா சூடாக இருந்தது, இரண்டு தின்றேன்.

எருமைமடுவுக்குப் போகும் தடம் பாவாத்தாள் தோட்டத்துக்குள்தான் போகிறது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அந்தத் தோட்டத்தில் வஸ்தாது என்று ஒரு நாய். இரண்டு வருடத்துக்கு முன் என் வலது கெண்டைக்காலைக் கவ்வியது. ஊசி போட்ட நர்ஸ், "நாயைப் பத்து நாள் பார்த்துக்கங்க" என்றார். நான் ஏனம்மா அதைப் பார்க்க வேண்டும்? அது என்னைப் பார்த்தது போதாதா?

செப்டம்பர் 4, வியாழன்

முடிவுகள் வந்தன. நான்காம் இடத்துத் தண்ணீரில் உயிர்க்காற்று 7.1. ஐந்தைத் தாண்டினாலே மீனுக்குப் போதும். உதவிப் பொறியாளர் குழந்தைவேல் சார் தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா கலாமணி, உன்ற நாலாம் நம்பர் பாட்டிலை வெச்சு மினரல் வாட்டர் கம்பெனியே ஆரம்பிக்கலாமாட்ட இருக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஏழு மணிக்கே குழந்தைவேல் சார் போன் செய்தார். எருமைமடுவில் மீன் செத்து மிதக்கிறதாம்.

எதிர்க்கரை ரோட்டில் ஊரே நின்றது. ரோட்டுப் பக்கம் நெட்டுக்குத்தான பாறை, கீழே இறங்க முடியாது. நின்று பார்த்தோம். ஜிலேபி மீன் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கெளுத்தி அதைவிட அதிகம். விரால் மட்டும் கரையோரத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியபடி உயிரோடு இருந்தது. அக்கரை வழியாக இறங்கிய மூன்று பேர் அதையும் விடாமல் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டிலும் பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டம்.

"மஞ்சளுக்கு மருந்தடிச்ச ட்ரம்மை மடுவுல கழுவியிருப்பா. வேற யாரு?" என்று ஒருவர் ஆரம்பித்தார். எல்லோரும் அந்தக் கரையைப் பார்த்தோம். அங்கே பாவாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். தனியாளாக இரண்டு ஏக்கர் மஞ்சள் பார்க்கிறார். வாய் பத்து ஏக்கருக்குக் காணும்.

"ஏன்டா, ட்ரம்மைக் கழுவுனா மொதல்ல என்ற எருமைதானடா சாகோணும்? அது இந்த மடுவுலதான குடிக்குது! ஆலைத் தண்ணி நாறுதே, அது உங்க மூக்குல ஏறலியா?"

நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக் கிழங்கு அந்த ஆலைக்குத்தான் போகிறது. மூக்கு இருந்து என்ன செய்ய?

குழந்தைவேல் சார் தொண்டையைச் செருமினார். "மூக்கு சொல்றதை ரிப்போர்ட்ல எழுத முடியாதுங்க. பேப்பர் என்ன சொல்லுது? ஆலைக்குக் கீழே, உங்க தோட்டத்துக்கு மேலே, நாலாம் இடம். இருபத்தாறு மாசமாத் தண்ணி சுத்தம். அப்ப ஆலையில இருந்து வரலை. அதுக்கப்பறம் இருக்கறது உங்க தோட்டம் ஒண்ணுதான்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஐஸ் பெட்டியின் கொக்கியைச் சரி செய்தேன்.

வஸ்தாதின் சத்தத்தையே காணோம். கூட்டத்தைப் பார்த்து அதற்கும் பயம் போல.

செப்டம்பர் 10, புதன்

பெல்ட் கிடைக்கவில்லை. கடை மாவு வாங்கினேன், ஒரே புளிப்பு. இரண்டு நாளாக எதைத் தின்றாலும் அந்த மடுவு வாடைதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து பூச்சி டாக்டர் வந்திருக்கிறார். ஆறு செத்தால் போஸ்ட்மார்ட்டம் செய்ய இப்படி ஆட்கள் இருப்பது எனக்குத் தெரியாது. பெயர் பெனிட்டா, நாகர்கோவில்காரப் பெண். தோளில் ஒரு வலை, முட்டி வரை ரப்பர் பூட்ஸ். எல்லா இடத்துக்கும் அவரைக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது.

"எல்லா இடமும் உங்களுக்குத் தெரியுமில்லா அக்கா?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேனுங்க மேடம்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. போவேன் என்றுதானே சொன்னேன், போனேன் என்று சொல்லவில்லையே.

செப்டம்பர் 15, திங்கள்

முதல் மூன்று இடங்கள் முடிந்தன. பெனிட்டா ஆற்றுக்குள் இறங்கிக் காலால் கல்லை உதைக்கிறார். கல்லடியில் இருக்கும் பூச்சிகள் கிளம்பி வலைக்குள் போகின்றன. வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுகிறோம். நாற்பத்தொரு வயதில் எனக்கு இப்படி ஒரு உத்தியோக உயர்வு.

மூன்று வால் உள்ள ஒரு பூச்சிக் குஞ்சு இருக்கிறது. அதுதான் முக்கியமாம். தண்ணீர் கொஞ்சம் முகம் கோணினாலே அது பெட்டி படுக்கையைக் கட்டிவிடும். அடுத்தது தட்டான் குஞ்சு, அது ஓரளவு பொறுத்துப் போகும். கடைசியில் சிவப்புப் புழு. சாக்கடையானாலும் சரி, அது அசையாது. எங்கள் ஆபீஸில் அப்படி நாலு பேரை எனக்குத் தெரியும்.

பாலத்தடியில் மூன்று வால் பூச்சி பதினேழு கிடைத்தது. பெனிட்டா குதித்தார். எனக்கும் சந்தோஷம்தான், என்னவோ நான் பெற்று வளர்த்த மாதிரி.

"தண்ணிய நீங்க எடுக்கது ஒரு நாள், ஒரு நிமிசம். பூச்சி அங்கேயே கெடக்கு, வருசம் பூராவும். அது எல்லாத்தையும் பாத்துகிட்டே இருக்கும். மனசிலாச்சா அக்கா?"

மனசிலாயிற்று. நேரம் இருந்தது. நான்காம் இடத்துக்கு நாளைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒரு கையில் தடி, ஒரு கையில் பொறை பாக்கெட். இப்படித்தான் எருமைமடுவுத் தடத்தில் இறங்கினேன். பெனிட்டாவை முன்னால் விட்டேன். அவருக்குப் பூட்ஸ் இருக்கிறது.

பாவாத்தாள் வாய்க்கால் ஓரமாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தடி எதுக்கு அம்மிணி? எருமைய முடுக்கவா?"

"உங்க நாய்க்குங்க்கா."

"வஸ்தாதுக்கா? அது போன வருசம் ஆடி நோம்பிக்கே பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சே! அந்த வேம்படியிலதான் பொதச்சிருக்குது."

பொறையை என்ன செய்வது என்று தெரியவில்லை. எருமைக்குப் போட்டேன்.

மடுவு. இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று! முன்பு பாறையில் உட்கார்ந்தால் அடிக்கல் தெரியும். இப்போது அரிசி கழுவிய தண்ணீரைப் பத்து நாள் வெயிலில் வைத்த மாதிரி இருக்கிறது. நாற்றத்தில் பெனிட்டா முந்தானை இல்லாத குறைக்குத் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டார். வலையை வீசினார். மூன்று வால் பூச்சி ஒன்றுகூட இல்லை. தட்டான் குஞ்சும் இல்லை. தட்டு முழுக்கச் சிவப்புப் புழு, நெளிகிறது. ஆபீஸே கிளம்பி வந்த மாதிரி.

பாட்டிலை நான் அமுக்கி நிரப்பினேன். மருந்து விட்டேன். வெள்ளை. இரண்டாவது பாட்டில் எடுத்தேன். அதுவும் வெள்ளை.

"அக்கா, ரெண்டாந்தேதி இங்க ஏழு புள்ளி ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"ரெண்டு வாரத்துல கெட்டுப்போயிருக்கும் மேடம்."

"ரெண்டு வாரத்துல இந்தப் புழு இவ்வளவு பெருகாது. மருந்து விழுந்து மீனு செத்ததுன்னா இந்தப் புழுவும்லா செத்திருக்கணும்? விரால் எப்படிப் பிழைச்சது? அது மேல வந்து காத்தைக் குடிக்கும், அதான். இது மருந்தே இல்ல. தண்ணியில காத்து இல்லாம செத்தது. ரொம்ப நாளாவே இந்த மடுவு இப்படித்தான் கெடக்கு."

நல்ல வெயில். தலைவலி. மீதி நாளைக்கு.

செப்டம்பர் 17, புதன்

எழுத ஒன்றும் இல்லை. குளிக்கும்போது கெண்டைக்காலைப் பார்த்தேன். நாலு பல் தழும்பு. நன்றாகத்தான் தெரிகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

பாவாத்தாளுக்கு நோட்டீஸ் போய்விட்டது. இருபத்தாறாம் தேதி தாலுகா ஆபீஸில் சப்-கலெக்டர் விசாரணை. குற்றம் உறுதியானால் மடுவில் இருக்கும் அவருடைய மோட்டார் இணைப்பைத் துண்டிப்பார்கள். கிணறு வறண்டு எத்தனையோ வருடம். மோட்டார் போனால் மஞ்சள் பத்து நாள் தாங்காது.

பெனிட்டா தன் ரிப்போர்ட்டைக் கொடுத்தார். குழந்தைவேல் சார் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"மேடம், பூச்சியக் கூண்டுல ஏத்திச் சாட்சி கேக்க முடியாதுங்க. தண்ணியும் ஒரு நாள்தான எடுத்தீங்க? அன்னிக்கு ஏதோ கோளாறு. அதுக்கு எதிர்ல இருபத்தாறு மாசத்து நம்பர் இருக்குது."

பிறகு என்னைப் பார்த்து, "உன்ற கையெழுத்துப் போட்ட இருபத்தாறு தாளும் நகல் எடுத்து ஃபைல்ல வெச்சாச்சு. நீயும் வந்துரு. ஒண்ணாந்தேதி உன்ற ஒப்பந்தம் புதுப்பிக்கோணும், அதையும் அன்னிக்கே பேசிரலாம்" என்றார்.

நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 20, சனி

பெல்ட் கிடைத்தது. மாட்டியதும் கிரைண்டர் ஓடியது. என் வீட்டுக்காரர் ஏதோ ராக்கெட் விட்டவர் போலக் கையைத் தட்டிக்கொண்டார். மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பாவாத்தாள்.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கொடுத்த தண்ணீரை மட்டும் நின்றபடியே குடித்தார்.

"நீதான அம்மிணி மாசாமாசம் தண்ணி எடுக்கறே? மெத்தப் படிச்சவங்க என்னமோ சொல்லட்டும். நீ எங்கூர்ப் பக்கத்துப் புள்ளை. அந்தத் தண்ணி மேல இருந்து வாரப்பவே நாறித்தான் வருதுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க."

"நம்பர்தானுங்க்கா பேசும். நான் என்ன சொல்ல?"

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா ஒண்ணு. ரெண்டு வருசமா உன்னைய என்ற காட்டுப் பக்கம் நான் பாத்த மாதிரியே நெனப்பு இல்லியே?"

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. "நீங்க அந்தக் கடைசிப் பாத்தியில இருந்திருப்பீங்க" என்றேன்.

"ஆமா. அப்படியுந்தான் இருக்கும்" என்றார் பாவாத்தாள். ஊரையே வாயால் பந்தாடுகிற அந்தப் பொம்பளை, என் சொல்லை அப்படியே நம்பித் தலையாட்டினார். போகும்போது மஞ்சள் இலை ஒரு கட்டு வைத்துவிட்டுப் போனார், கொழுக்கட்டை அவிக்கச் சொல்லி.

உளுந்து ரொம்ப அரைந்துபோய் நீர்த்துவிட்டது. இட்லி வராது. சனியன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பெனிட்டா இன்றைக்கு ஊருக்குப் போகிறார். பஸ் வரும் வரை டீ குடிக்கலாம் என்று என்னைக் கூட்டிப்போனார். எங்கே என்று பார்த்தால், அந்தப் புளியமரத்து டீக்கடைக்கே.

நான் ஒன்றும் சொல்வதற்குள் கடைக்காரர் பல்லைக் காட்டினார். "வாங்க தண்ணிக்காரம்மா! இன்னிக்கு என்ன, ஒண்ணாஞ் செவ்வாய் இல்லியே? போண்டா இன்னும் போடலீங்களே!"

பெனிட்டா டம்ளரைக் கீழே வைத்தார். சிமென்ட் படிகளைப் பார்த்தார். படிக்குக் கீழே தொட்டியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

அந்த 'வழக்கமான இடம்' எருமைமடுவு இல்லை. ஆறே இல்லை. பாசன வாய்க்காலின் கசிவுத் தண்ணீர் ஆற்றில் விழுவதற்கு முன்னால் நிற்கும் தொட்டி அது. மடுவிலிருந்து முந்நூறு அடிதான். அணையிலிருந்து நேராக வருகிற தண்ணீர். அதில் 7.1 வராமல் வேறு என்ன வரும்? நாய் கடித்த அன்றைக்கு ரத்தம் ஒழுக ஒழுக அங்கே போய்த்தான் காலைக் கழுவினேன். நான்காம் பாட்டில் காலியாக இருந்தது. நிரப்பினேன். நாலாம் இடம் என்று சீட்டு ஒட்டினேன். அந்த ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

"நாகர்கோவில்ல எங்க அப்பா மீன்வளத் துறையில இருந்தார்" என்றார் பெனிட்டா, சம்பந்தமே இல்லாமல். "மழையில நனையாம ஆபீஸ்ல இருந்தே மழை அளவு எழுதுவார். கேட்டா, குடை இல்லன்னு சொல்லுவார்." பிறகு, "நான் எழுதுனா அது ஒரு ரிப்போர்ட்டுக்கா. நீங்க சொன்னாத்தான் அந்த இருபத்தாறு தாளும் செல்லாமப் போகும்" என்றார்.

பஸ் வந்துவிட்டது. போண்டா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரருக்கு ஒரே வருத்தம்.

செப்டம்பர் 25, வியாழன்

இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு தோசையைத் தின்று முடித்தார். பிறகு, "நாய்க்கடி சீட்டு எங்கடி வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

அரிசி டப்பாவுக்கு அடியில். எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாலுகா ஆபீஸ் கூடத்தில் ஃபேன் ஒன்றுதான், அதுவும் ஆலை மேனேஜர் தலைக்கு நேராக. பாவாத்தாள் கடைசி பெஞ்சில், கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையில். சப்-கலெக்டர் என் தங்கை வயதுப் பெண். குழந்தைவேல் சார் இருபத்தாறு மாத எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். 7.0, 7.2, 7.1, 6.9, 7.1. கேட்கக் கேட்க எனக்கே கொட்டாவி வந்தது. இப்படி மாறாமல் ஓட ஆறு என்ன ரேஷன் கடைப் பாமாயிலா?

"மாதிரி எடுத்தவர் யாரு?" என்றார் சப்-கலெக்டர்.

எழுந்தேன். வாய் எப்போதும் போல எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"நான்தானுங்க மேடம். ஆனா அது எருமைமடுவுத் தண்ணி இல்லீங்க. வாய்க்கால் தொட்டித் தண்ணி. இருபத்தாறு மாசமும். மடுவுக்குப் போற தடத்துல என்னை நாய் கடிச்சுருச்சுங்க."

கூடமே சிரித்தது. சப்-கலெக்டர்கூட ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆலை மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. ஃபேனுக்குக் கீழேயே அவருக்கு வேர்த்தது.

"இருபத்தாறு மாசமாவா நாய் தொரத்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள், என் கையிலிருந்த நாய்க்கடி சீட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தைவேல் சார் குறுக்கே விழுந்தார். "ஆமாங்க மேடம். பயங்கரமான நாய். மருத்துவச் சீட்டுகூட இருக்குது. தனிப் பொம்பளை, பயந்துட்டாங்க. மனிதாபிமான அடிப்படையில..." என் பக்கம் குனிந்து, "இருபத்தாறு மாசமும் நாய்தான் காரணம்னு எழுதிக் குடுத்துரு. ஒரு மெமோவோட முடிச்சுரலாம். ஒண்ணாந்தேதி ஒப்பந்தத்தை நான் பாத்துக்கறேன்" என்றார், உதட்டை அசைக்காமல்.

பாவாத்தாளைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். வேம்படியில் புதைத்த நாய் அவர் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். மெதுவாக வாயை மூடிக்கொண்டார். அவருக்கு வேண்டியதை நான் சொல்லியாயிற்று. மிச்சத்தை எனக்கே விட்டுவிட்டார். பாவாத்தாள் வாய் மூடி யாராவது பார்த்ததுண்டா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விளக்கம் எழுதச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். பேனா வாங்கினேன். தேதிகளை விரலில் எண்ணினேன், இத்தனை நாள் எண்ணாமல் வைத்திருந்ததை. எழுதினேன்:

"முதல் பன்னிரண்டு மாதம் நாய். அதன் பிறகு நாய் இறந்துவிட்டது. மீதிப் பதினான்கு மாதம் நான். கலாமணி."

சப்-கலெக்டர் இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. மோட்டார் இணைப்பைத் தொடக்கூடாது என்றார். மூன்று மாதம் ஆலைக் கழிவு வாய்க்காலிலும் மடுவிலும் வாரம் ஒரு தடவை தண்ணீர் எடுக்கச் சொன்னார், பூச்சியும் எண்ணச் சொன்னார். என் ஒப்பந்தம் முப்பதாம் தேதியோடு சரி. அதை அவர் சொல்லவில்லை, குழந்தைவேல் சாரின் முகம் சொன்னது.

வெளியே வேப்பமரத்தடியில் பாவாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அது இந்த ஜென்மத்தில் நடக்குமா!

"ஏன்டி, அறிவு கெட்டவளே! தடத்துல நின்னு 'பாவாத்தாக்கா, நாயப் புடிங்க'ன்னு ஒரே ஒரு கூப்பாடு போட்டிருந்தா நான் கட்டிப்போட்டிருக்க மாட்டனா? ரெண்டு வருசம்! ஒரு கூப்பாடு!"

ரோடு பூராவும் கேட்டது. அவர் சொன்னது சரி. எனக்கு அது தோன்றவே இல்லை. திட்டி முடித்துவிட்டு, வந்ததே வந்தாய், பஸ்ஸுக்கு முன்னால் ஒரு காபி குடித்துவிட்டுப் போவோம் என்றார்.

அக்டோபர் 1, புதன்

வேலை இல்லை. அலமாரி துடைத்தேன். பாட்டில் சீட்டு ஒரு கட்டு மிச்சம் இருந்தது. மிளகாய்த்தூள், மல்லித்தூள், கடுகு என்று எழுதி டப்பாக்களில் ஒட்டினேன். இதையாவது சரியான டப்பாவில் ஒட்டினோமே.

அக்டோபர் 7, செவ்வாய்

முதல் செவ்வாய். மனசு கேட்கவில்லை. பத்தரை மணிக்குப் புளியமரத்து டீக்கடைக்குப் போனேன். போண்டா தின்னத்தான், வேறு ஒன்றும் இல்லை.

பத்து நாற்பதுக்கு ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் என் ஐஸ் பெட்டி. ஐம்பது வயது மனிதர், பெயர் நல்லசிவமாம். புதுக் களப் பணியாளர். ஒரு டீ சொல்லிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தார். நிழலைப் பார்த்தார். சிமென்ட் படியைப் பார்த்தார். நாலாம் நம்பர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்க ஆரம்பித்தார். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. எனக்கு அந்த நடை நன்றாகத் தெரியும்.

ஓடிப்போய் இரண்டாம் படியில் குறுக்கே நின்றேன்.

"எருமைமடுவு அக்கட்டாலைங்க" என்று தடத்தின் பக்கம் கை காட்டினேன்.

"தெரியுமுங்க. அந்தத் தடத்துல ஏதோ நாய் இருக்குதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"அங்க இல்லீங்க. இங்கதான் இருக்குது."

அவர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்கீங்க?"

"நான்தானுங்க."

என்னைப் பார்த்தார். கையில் பாதி போண்டா, அவிழ்ந்த கொண்டை, சிரிப்பில்லாத மூஞ்சி. ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏறி ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் முன்னால் நடந்தேன்.

தடத்து முனையில் நின்று, நாய் இல்லாவிட்டாலும், பாவாத்தாக்காவுக்கு ஒரு கூப்பாடு போட்டேன்.